64 × 54: ஒரே என்ஜின், நாலு விடைகள்

64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். பெருக்கிப் பார்த்தா 347 சிசி. யமஹா இந்த அளவுகளை 1970-ல் ஆர்5 என்ற டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கொண்டுவந்தது. அதே 64, அதே 54 அமெரிக்காவில் பான்ஷீ என்ற நாலு சக்கர வண்டியில் 2006 மாடல் வரைக்கும் ஓடியது. இடையில் காற்றுக் குளிர்ச்சி போய் தண்ணீர்க் குளிர்ச்சி வந்தது, ரீட் வால்வு வந்தது, இக்னிஷன் மாறியது. இந்த ரெண்டு எண் மட்டும் அப்படியே நின்றது.

நம்ம ஊர்க்காரர்களுக்கும் இந்த எண்கள் அந்நியம் இல்லை. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி350பி-யின் இந்திய வடிவம். அதிலும் 64 × 54 தான். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

இந்த என்ஜினைப் பற்றி ஒரு கேள்வி நாற்பது வருஷமா கேட்கப்பட்டுக்கிட்டே இருக்கு: டூ-ஸ்ட்ரோக் குவாட் ஒண்ணு இருக்கு, ரேஸுக்கும் போகணும், காட்டுப் பாதையில் ட்ரெயிலும் ஓட்டணும், என்ஜினை எப்படிக் கட்டுறது? பெரும்பாலும் பதில் ஒரு குதிரைசக்தி எண்ணாகவோ ஒரு கிட் பேராகவோ வரும். இந்த என்ஜினின் வரலாற்றைப் படிச்சா வேற மாதிரி பதில் கிடைக்குதுன்னு எனக்குத் தோணுது. நான் வண்டி கட்டுறவன் இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிறவன். அந்தக் கணக்கையும் சேர்த்தே இங்கே எழுதி வைக்கிறேன்.

போர்ட்டும் பைப்பும்

ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு, கேம்ஷாஃப்ட் எல்லாம் இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வேலையைச் செய்றது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும், அப்புறம் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறந்து புதுக் கலவை உள்ளே வரும். பிஸ்டன் மேலே ஏறும்போது இதே வரிசை தலைகீழா மூடும். ட்ரான்ஸ்ஃபர் மூடின பிறகும் எக்ஸாஸ்ட் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியில் புதுக் கலவையில் ஒரு பகுதி வெளியே ஓடிவிடும்.

அதைத் திருப்பி உள்ளே தள்ளுறதுதான் வயிறு பெருத்த அந்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் பைப்பின் வேலை. அதை முறையான அறிவியலா வளர்த்ததில் பெரும்பங்கு கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன் என்ற பொறியாளருக்கு. 1961-ல் அவருடைய 125 சிசி ரேஸ் என்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. லிட்டருக்கு 200. அதே வருஷம் எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். காடனின் ரகசியம் ஜப்பானுக்குப் போன கதை இது.

பைப்புக்கு உள்ளே நடப்பது ரொம்ப எளிமையான கணக்கு. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை கிளம்புது. பைப்பின் பின்கூம்பில் மோதித் திரும்பி, போர்ட் மூடுறதுக்குள் வந்து சேரணும். கார்டன் ஜென்னிங்ஸ் 1973-ல் வெளியிட்ட டூ-ஸ்ட்ரோக் கையேட்டில் அலையின் வேகத்தை நொடிக்கு 1,700 அடி, அதாவது சுமார் 518 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார். அதை வைத்துப் பார்ப்போம்:

எக்ஸாஸ்ட் 190 டிகிரி திறந்திருக்கு, 8,500 ஆர்பிஎம்-ல் உச்ச சக்தி வேணும் என்றால் பிஸ்டனில் இருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரை 96.5 சென்டிமீட்டர் வரணும்.

198 டிகிரி, 10,000 ஆர்பிஎம் என்றால் 85.5 சென்டிமீட்டர்.

11 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனா ரெண்டாவது பைப் 6,000 ஆர்பிஎம்-ல் அலையை ரொம்ப சீக்கிரம் திருப்பி அனுப்பிடும். அது உதவிக்கு வராது, சில சமயம் எதிராகவும் வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்-ல் சட்டென்று சக்தி வந்து விழுவதை ‘பவர் பேண்ட்’ என்கிறோமே, அதுக்குக் காரணம் இந்த நேரப் பொருத்தம்தான். போர்ட் உயரமும் பைப் நீளமும் சேர்ந்து, என்ஜின் எந்த ஆர்பிஎம்-ல் உயிரோடு இருக்கும் என்பதைத் தீர்மானிக்குது. மத்த எல்லாம் இதுக்கு அப்புறம்.

நாலு விடைகள்

இப்போ அந்த 64 × 54-க்கு வருவோம். இதே அளவை வைத்து நாலு வேலைக்கு நாலு விதமா என்ஜின் கட்டினாங்க.

முதல் விடை டிஇசட்350, 1973-ல் வந்த ரேஸ் பைக். ரோட்டில் ஓட்டவே முடியாது. சுமார் 60 குதிரைசக்தி, அதுவும் 9,500 ஆர்பிஎம் பக்கத்தில். காசு கொடுத்தா யாரும் வாங்கலாம் என்பது அதன் சிறப்பு. தென்னாப்பிரிக்காவின் ஜான் எக்கரோல்ட், எந்தத் தொழிற்சாலை அணியிலும் இல்லாத தனி ஆள், பிமோட்டா சட்டத்தில் இந்த யமஹா என்ஜினைப் போட்டு 1980-ல் 350 சிசி உலகப் பட்டம் ஜெயித்தார்.

ரெண்டாவது, 1980-ல் வந்த ஆர்டி350எல்சி. தண்ணீர்க் குளிர்ச்சி, 47 குதிரைசக்தி, 8,500 ஆர்பிஎம். தினமும் ஆபீஸ் போகலாம், ஞாயிற்றுக்கிழமை ரேஸும் போகலாம். 1983-ல் இதுக்கு பவர் வால்வு வந்தது. குறைந்த ஆர்பிஎம்-ல் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை இறக்கி வைத்து, வேகம் ஏற ஏற உயர்த்தும் அமைப்பு அது. ஒரே சிலிண்டருக்கு ரெண்டு குணம்.

மூணாவது நம்ம ராஜ்தூத். ஆர்டி350பி-யின் 39 குதிரைசக்தியை முதலில் சுமார் 30-க்கு இறக்கினாங்க. அதை ‘ஹை டார்க்’ என்றார்கள். அப்புறம் 27 பக்கமா இறக்கி ‘லோ டார்க்’ என்று விற்றார்கள். மைலேஜ்தான் நோக்கம். அதே கிராங்க், அதே பிஸ்டன் அளவு. சக்தி மட்டும் டிஇசட்டில் பாதிக்கும் கீழே. அப்படியும் அன்றைய இந்திய ரோட்டில் அதுக்கு ஈடா எதுவும் இல்லை.

நாலாவது பான்ஷீ, 1987 மாடலா வந்தது. அயர்லாந்துக் கதைகளில் சாவை முன்கூட்டியே ஓலமிட்டு அறிவிக்கும் பெண் ஆவியின் பெயர். ஆர்டி350எல்சி வழி வந்த என்ஜினை மணலுக்கும் மண்ணுக்கும் ஏத்த மாதிரி பதப்படுத்தி, கனமான நாலு சக்கர வண்டியில் வைத்தார்கள். தங்களிடமே நாலு வருஷமா இருந்த பவர் வால்வை யமஹா கடைசி வரைக்கும் இதில் போடவில்லை. அதனால் பான்ஷீ வாங்கினவர் ஒரு குணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். இரண்டும் வேணும் என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது.

ஹோண்டாவின் வேற வழி

குவாட் வரலாற்றையும் சுருக்கமா சொல்லிடறேன். 1970-ல் ஹோண்டா மூணு சக்கர வண்டியில் ஆரம்பித்தது. 1985 மாடலா சுசுகி எல்டி250ஆர் என்ற முதல் வேகமான நாலு சக்கர டூ-ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது. 1986-ல் ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர், 1987-ல் பான்ஷீ, சுசுகியின் 500 சிசி குவாட்ஜில்லா, கவாசாகியின் டெகேட்-4. ரெண்டு மூணு வருஷத்துக்குள் எல்லாம் வந்து குவிந்தது. அதே வேகத்தில் விபத்துகளும் கூடின. 1988-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் கம்பெனிகளும் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். புது மூணு சக்கர வண்டி விற்பனை நின்றது. ஹோண்டா 250ஆர் 1989-ஓடு முடிந்தது, சுசுகி 250ஆர் 1992-ஓடு. பான்ஷீயும் அதன் தம்பி பிளாஸ்டரும் 2006 வரை தாக்குப்பிடித்தன. அப்போ அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடு ஏடிவி-களுக்கு அமலுக்கு வந்தது.

ஹோண்டா 250ஆர் ஒரே சிலிண்டர், 66 × 72, 246 சிசி. ஸ்ட்ரோக் போரைவிட நீளம். இங்கே பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. பான்ஷீயின் 54 மி.மீ. ஸ்ட்ரோக், 10,000 ஆர்பிஎம்-ல் நொடிக்கு 18 மீட்டர். ஹோண்டாவின் 72 மி.மீ. ஸ்ட்ரோக் 8,000 ஆர்பிஎம்-லேயே 19.2 மீட்டரைத் தொட்டுவிடும். அதாவது ஹோண்டா என்ஜினை ரொம்ப சுத்த விட முடியாது. அதனால் அதன் சக்தியை நடு ஆர்பிஎம்-ல் தேடித்தான் ஆகணும். மோட்டோகிராஸ் வளைவிலிருந்து வெளியே இழுக்க, பாறை மேல் மெதுவா ஏற, அந்த இழுவை பொருந்தியது. உற்பத்தி நின்ற பிறகும் 1990-கள் முழுக்க அமெரிக்கப் பந்தயங்களில் 250ஆர் ஓடிக்கிட்டே இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். போரை 74 ஆக்கினால் 310 சிசி கிடைக்கும். அதே குணத்தோடு இன்னும் கொஞ்சம் தசை.

ஆகவே இன்னும் வண்டி வாங்காதவருக்கு, ட்ரெயில் பாதி மோட்டோகிராஸ் பாதி என்றால், 250ஆர்-ஐ நான் முதலில் சொல்வேன். மணல், நீண்ட நேர் ஓட்டம், சத்தம் இதெல்லாம் வேணும்னா பான்ஷீ. கையில் ஏற்கெனவே பான்ஷீ இருக்கிறவருக்குத்தான் மீதிக் கட்டுரை.

நாலு வரி ப்ரோக்ராமும் ஒரு தகடும்

பான்ஷீக்குப் பிரபலமான பில்டு ‘ஸ்ட்ரோக்கர்’. கிராங்கை மாற்றி 54-ஐ 58 ஆக்குவது. 64 போரோடு 373 சிசி ஆகும். பெரிய சிலிண்டர் போட்டு 68 × 58 ஆக்கினால் 421 சிசி. சிசி கூடினால் எல்லா ஆர்பிஎம்-லும் இழுவை கூடும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பாங்க. அது பாதிதான் சரி.

ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 2 மி.மீ. அதிகம் ஏறும். ஹெட்டில் இடிக்கும். இதுக்கு ரெண்டு வழி. சிலிண்டருக்கு அடியில் 2 மி.மீ. தகடு வைத்து சிலிண்டரையே உயர்த்தலாம். இல்லைன்னா ஹெட்டை உள்ளே குடைந்து இடம் பண்ணலாம். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். கனெக்டிங் ராடு 110 மி.மீ. என்று வைத்து, எக்ஸாஸ்ட் 190 டிகிரியில் இருக்கும் ஒரு சிலிண்டருக்கு நாலு வரி ப்ரோக்ராம் எழுதி ஓட்டிப் பார்த்தேன்:

ஹெட்டைக் குடைந்தால் 190 டிகிரி 191 ஆகும்.

தகடு வைத்தால் 199 ஆகும்.

அதாவது தகடு வைத்த அந்த நிமிஷமே, யாரும் அரம் தொடாமலே, ட்ரெயில் சிலிண்டர் டிராக் ரேஸ் சிலிண்டர் ஆகிவிட்டது. இந்த ஒரு தேர்வைக் கேட்காமல் ‘4 மில் ஸ்ட்ரோக்கர் ட்ரெயிலுக்கு நல்லதா’ என்று கேட்டால் பதிலே கிடையாது. ரெண்டு பேர் ஒரே கிட்டை வாங்கி, ஒருத்தர் அருமை என்றும் இன்னொருத்தர் கீழே செத்துக் கிடக்கு என்றும் சொல்றதுக்குக் காரணம் இப்படி ஏதாவதாத்தான் இருக்கும்.

அதே ப்ரோக்ராமில் அரத்தையும் பார்த்தேன். பழைய 54 ஸ்ட்ரோக்கிலேயே எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ. தேய்த்தால் 190 டிகிரி 194 ஆகிவிடும். மில்லிமீட்டருக்கு சுமார் 4 டிகிரி. கை அரம் ரெண்டு இழுப்பு கூடுதலாப் போனால் என்ஜினின் குணமே மாறும்.

எந்த ரேஸ், எந்தப் பாதை

ரேஸ் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டில் ஓல்ட்ஸ்மொபில் ஹில் ஏறுகிறவருக்கு முழு த்ராட்டில் சில நொடிகள்தான். மணல் டயரைப் பிடித்து இழுக்கும், என்ஜின் உச்சத்திலேயே சுத்தணும். அங்கே 198 டிகிரியும் குட்டை பைப்பும் சரி. மோட்டோகிராஸில் ஒரு சுற்றுக்குப் பல தடவை பிரேக், வளைவு, தாவல். அங்கே நடு ஆர்பிஎம் இல்லாவிட்டால் கிளட்ச்தான் பலி. பாலைவன நெடும்பந்தயத்தில் மணிக்கணக்கில் சூடு தாங்கணும்.

ட்ரெயிலில் வேற தொல்லைகள். மெதுவாப் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று பத்தாது. ரேஸுக்கு ஜெட்டிங் செய்த கார்புரேட்டர் கீழ் ஆர்பிஎம்-ல் பெட்ரோலும் ஆயிலுமா கொட்டி பிளக்கை அடைத்துவிடும். உயர்ந்த கம்ப்ரெஷன் என்றால் ரேஸ் பெட்ரோல் வேணும், காட்டுக்குள் அது கிடைக்காது. அப்புறம் உயரம். கொலராடோ மலையில் 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட கால்வாசி குறைவு. அங்கே சரியாக இருந்த சின்ன ஜெட்டோடு அப்படியே குளிர்காலத்தில் கீழே மணலுக்கு வந்து முழு த்ராட்டில் கொடுத்தால், கலவையில் பெட்ரோல் பத்தாது. பிஸ்டன் ஜாம் ஆகும், இல்லைன்னா தலையில் ஓட்டை விழும்.

ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பான்ஷீ கட்டணும் என்றால் நான் போடும் வரிசை இது.

முதலில் அடிப்பாகம். கிராங்க் நேராக இருக்கா, சீல்கள் நல்லா இருக்கா என்று பார்க்கணும். எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் வழியையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்றேற்றி, ஆறு நிமிஷம் அழுத்தம் நிற்குதா என்று பார்ப்பது வழக்கம். கார்புரேட்டரை சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் இங்கேயே தெரியும். இந்தச் சோதனையில் தோற்ற என்ஜினுக்கு எந்த கிட்டும் உதவாது.

ரெண்டாவது ஹெட். பிஸ்டனுக்கும் ஹெட் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை 1 மி.மீ. சுற்றி அமைத்து, பங்க் பெட்ரோலுக்குத் தாங்கும் கம்ப்ரெஷனில் நிறுத்தணும். போர்ட்டைத் தொடாமல் கீழிருந்து மேல் வரை இழுவை தரும் ஒரே வேலை இது.

மூணாவது பைப். நடு ஆர்பிஎம்-க்குச் செய்தது. உச்ச சக்தி எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது, 5,000-லிருந்து 7,500 வரை வரைபடம் எப்படி இருக்கு என்று பார்க்கணும்.

நாலாவது கியர். முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும். செலவு மிகக் குறைவு, பிடிக்காவிட்டால் சாயங்காலமே பழையதை மாட்டிக்கலாம்.

இதுக்கெல்லாம் பிறகும் பத்தவில்லை என்றால் ஸ்ட்ரோக்கர், ஹெட்டைக் குடைந்து, தகடு இல்லாமல். பிஸ்டன் வேகம் 10,000 ஆர்பிஎம்-ல் 19.3 மீட்டருக்கு ஏறுது என்பதை ஞாபகம் வைத்து, உச்ச ஆர்பிஎம்-ஐக் கொஞ்சம் இறக்கியே ஓட்டணும். போர்ட் வேலை கடைசி. அதுவும் 190 பக்கத்திலேயே நிறுத்தி, வார்ப்புக் கசடுகளைச் சுத்தம் செய்து, ரெண்டு சிலிண்டரும் ஒண்ணுபோல இருக்க வைத்தால் போதும்.

நிஜமாகவே டிராக் ரேஸ் ஆசை இருந்தால் இன்னொரு ஜோடி சிலிண்டர் வாங்கி அதை அதுக்கென்றே வெட்டிக்கொள்ளுங்க. பான்ஷீயில் சிலிண்டர்கள் தனித்தனி. ஹெட்டைக் கழற்றினால் மேலே வந்துவிடும். பைப்பும் ஜெட்டும் சேர்த்து மாற்ற ஒரு நாள் வேலை. யமஹா பவர் வால்வால் செய்ததை இப்படிக் கையால் செய்துகொள்ளலாம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. பைப்பை மாற்றலாம், ஸ்ப்ராக்கெட்டை மாற்றலாம், ஜெட்டைத் திருப்பிப் போடலாம். போர்ட்டில் தேய்த்த உலோகம் திரும்பி வராது. புது ஸ்லீவ் அடிக்கலாம்தான், ஆனா அது தனிச் செலவு, அலுமினியத்தில் வெட்டியது அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவுக்கு பான்ஷீ வருவது 2006 மாடலோடு நின்றாச்சு, ஹோண்டா 250ஆர் 1989-லேயே. தொழிற்சாலையில் வந்த அளவிலேயே இருக்கும் சிலிண்டர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. ராஜ்தூத் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்க, தொடாத ஒரு ஜோடி சிலிண்டருக்கு எவ்வளவு அலைச்சல் என்று சொல்வாங்க.

64 × 54-ஐ வைத்து 60 குதிரையும் எடுத்தார்கள், 27 குதிரையும் எடுத்தார்கள். ரெண்டு இடத்திலும் பொறியாளர்கள் முதலில் கேட்டது இந்த வண்டி எங்கே ஓடப்போகுது என்பதைத்தான். ஒரு நோட்டில் போன வருஷம் ஓட்டின நாட்களை எழுதுங்க. எத்தனை நாள் மணல், எத்தனை நாள் காடு, எத்தனை நாள் பந்தயம் என்று. பத்தில் எட்டு நாள் காடு என்று வந்தால், அந்த எட்டு நாளுக்குத்தான் என்ஜினைக் கட்டணும்.